செய்கிறவரும் சேர்க்கிறவரும்

சென்ற மாதம் நம் சங்கத்தின் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தபோது ஒரு சகோதரி என்னிடம் வந்தார். அவர் மகன் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்தவன். இரண்டு இடத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, ஒரு தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவு. மற்றொன்று, ஏறக்குறைய அதே சம்பளத்தில் வேறொரு நிறுவனத்தின் 'சப்ளை செயின்' பிரிவு. பையனுக்கு இரண்டாவதில் நாட்டம். தாயாருக்கு மனசே ஆகவில்லை.

"நாலு வருஷம் என்ஜினீயரிங் படிக்க வச்சது குடோன்ல மூட்டை எண்றதுக்கா சார்? நீங்க ரயில்வேல இருந்தவர். நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

நான் ரயில்வேயில் இருந்தவன்தான். ஆனால் அவர் எதிர்பார்த்த பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. "போகட்டும் அம்மா. ரெண்டுல அதுதான் கஷ்டமான வேலை" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. கையிலிருந்த காபி ஆறுவதற்குள் விளக்கி முடிக்கிற விஷயமும் அல்ல அது. அதனால்தான் நம் இதழாசிரியரிடம் சில பக்கங்கள் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் பெரிய படிப்பாளி அல்ல. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து 1982-ல் ரயில்வேயில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். வடக்கே ஒரு பணிமனையில் 38 ஆண்டுகள். முதல் 17 ஆண்டுகள் போகி செக்‌ஷனில், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரமும் வில்லும் பிரேக்கும் இருக்கும் பாகத்தைப் பிரித்துப் பூட்டும் இடத்தில். மீதி ஆண்டுகள் அதே பணிமனையில் பொருள் திட்டமிடும் மேஜையில். 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவே, மாலையும் மேளமும் இல்லாமல் ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்கு அருகில் நாகபுரிக்கு வந்து சேர்ந்தேன். ஆகவே செய்கிற வேலை, செய்வதற்கு வேண்டியதைச் சேர்க்கிற வேலை, இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் என்கிற தகுதியில் பேசுகிறேன்.

எங்கள் காலத்தில் 'சப்ளை செயின்' என்ற பெயரெல்லாம் கிடையாது. 'ஸ்டோர்ஸ்' என்று ஒரே வார்த்தை. அதைச் சொல்லும்போதே உதட்டில் ஓர் அலட்சியம் வந்துவிடும். பட்டறையில் கையில் கிரீஸோடு நிற்பவன் ஆண்பிள்ளை. ஸ்டோர்ஸில் லெட்ஜரோடு உட்கார்ந்திருப்பவன் குமாஸ்தா. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைத் திருத்தியது ஒரு ரப்பர் வளையம்.

பதினொரு பெட்டிகளும் ஒரு வளையமும்

பழைய வகைப் பயணிகள் பெட்டிகளின் போகியில், அச்சுப் பெட்டிகளுக்கு மேலே இருக்கும் சுருள் வில்களுக்குள்ளே எண்ணெய் நிரப்பிய ஓர் அமைப்பு உண்டு. 'டேஷ்பாட்' என்போம். வில் துள்ளுவதை அந்த எண்ணெய்தான் அடக்கும். எண்ணெய் கசியாமல் காப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம். ஒரு பெட்டிக்கு 16 டேஷ்பாட். ஆக 16 வளையம். வளையத்தின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். அது இல்லாவிட்டால் எண்ணெய் நிற்காது, எண்ணெய் இல்லாவிட்டால் பெட்டி குலுங்கும். அவ்வளவுதான் விஷயம்.

1996 மார்ச் மாதக் கடைசி. வருடாந்திர இலக்குக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பதினொரு பெட்டிகள் எல்லா வேலையும் முடிந்து, இந்த வளையம் ஒன்றுக்காக நிற்கின்றன. ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். மேலதிகாரி மணிக்கொரு தரம் கேட்கிறார். நான் நேராக ஸ்டோர்ஸ் டிப்போவுக்குப் போனேன். அங்கே வார்டு கீப்பராக இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தமிழ்நாட்டிலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் அவரை 'அண்ணாச்சி' என்போம். அன்றைக்கு அந்த மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. நாலு கலாசிகள் முன்னால், வாயில் வந்ததை எல்லாம் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "தம்பி, ஒம் மெஷினுக்கு சுவிட்சு ஒங் கையில இருக்கு. எம் மெஷினு அஞ்சு ஊர்ல துண்டு துண்டாக் கெடக்கு. டெண்டரு ஒரு ஊர்ல, கம்பெனி ஒரு ஊர்ல, சோதனை பண்றவரு ஒரு ஊர்ல, நடுவுல ஒரு லாரிக்காரன். நான் எந்த சுவிட்சைப் போட?" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெட்டி நிறைய வளையங்கள் வந்து இறங்கின. ஓடினேன். ஆனால் மாதிரி எடுத்து எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர நாலைந்து நாள் ஆகும். மார்ச் போய்விடும். "அண்ணாச்சி, சரக்கைக் குடுங்க. ரிப்போர்ட் பின்னாடி வரட்டும்" என்று கெஞ்சினேன்.

"ரிப்போர்ட்டு பின்னாடி வரும் தம்பி. கோச்சு முன்னாடி போயிரும்லா? போன கோச்சை எந்த ஊர்ல போயிப் புடிப்ப?" என்றார். கொடுக்கவில்லை.

பதினொரு பெட்டிகளும் ஏப்ரல் கணக்குக்குப் போயின. இருப்பு இல்லாமல் போனதற்கு விளக்கம் கேட்டு அண்ணாச்சிக்குக் கடிதம் வந்தது. ஏப்ரல் முதல் வாரம் பரிசோதனை முடிவும் வந்தது: ரப்பரின் கடினத்தன்மை சரியில்லை, மொத்தச் சரக்கும் நிராகரிப்பு. மாற்றுச் சரக்கு வந்து பெட்டிகள் வெளியே போயின. விளக்கம் கேட்ட கடிதம் மட்டும் அவர் கோப்பில் இருந்தது. 'நீங்கள் செய்ததுதான் சரி' என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை. எங்கள் செக்‌ஷனிலிருந்து ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். நான் ஒரு போகியைச் சரியாகப் பூட்டினால் அது கண்ணுக்குத் தெரியும். பெயின்ட் அடித்து, நம்பர் எழுதி, பெட்டி வெளியே போகும்போது போட்டோகூட எடுப்பார்கள். அண்ணாச்சி செய்த நல்ல வேலை என்ன? 176 கெட்ட வளையங்கள் ஓடுகிற வண்டிக்குள் போகவில்லை. நடக்காமல் போன ஒன்றை எப்படிப் போட்டோ எடுப்பது?

என் முறை வந்தது

1999-ல் என்னைப் பொருள் திட்டமிடும் மேஜைக்கு மாற்றினார்கள். 'ரெண்டு மாசத்துல எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்' என்ற மமதையோடுதான் போய் உட்கார்ந்தேன்.

பட்டறையில் நான் பழகியது வேறு உலகம். அங்கே ஆள், மெஷின், அளவு எல்லாம் நாலு சுவருக்குள். அச்சு ஒரு நூலளவு கூடக் குறைய இருந்தால் மைக்ரோமீட்டர் சொல்லிவிடும். காலை ஷிஃப்டில் செய்த தவறு மாலைக்குள் தெரிந்துவிடும். தவறு செய்தவர் யார் என்பதும் தெரியும். திட்டலாம், திருத்தலாம், மறுபடி செய்யச் சொல்லலாம்.

இந்த மேஜையில் முதலில் கற்றுக்கொண்டது, இன்று நான் எழுதுகிற எண் இன்றைக்கு அல்ல என்பது. கடந்த ஆண்டுகளில் எவ்வளவு செலவாயிற்று, வரும் ஆண்டு இலக்கு என்ன என்று பார்த்து ஆண்டுத் தேவையைக் கணக்கிட வேண்டும். அதற்கு ஒப்புதல், டெண்டர், ஆர்டர், தயாரிப்பு, சோதனை, பயணம் எல்லாம் முடிந்து கைக்கு வரப் பல மாதங்கள். மழை வருமா என்று பார்த்து விதைக்கிற விவசாயி மாதிரி, அடுத்த வருஷத்துப் பசிக்கு இந்த வருஷம் உலை வைக்கிற வேலை. இப்போது டெண்டரெல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. கோப்பு மேஜைக்கு மேஜை நகரும் நாட்கள் குறைந்திருக்கின்றன. அது பெரிய நன்மைதான். ஆனால் வாக்குக் கொடுப்பவர் மனிதர், ஓட்டி வருபவர் மனிதர். அந்த இடம் மாறவில்லை.

2003-ல் நானே ஒரு தவறு செய்தேன். அதற்கு முந்தைய ஆண்டு ரப்பர் சாமான்கள் சிலவற்றுக்கு இரண்டு முறை தட்டுப்பாடு வந்தது. பட்டறையில் என்னைப் போல ஒரு கோபக்காரர் வந்து கத்தினார். பயந்துபோய் அடுத்த ஆண்டுத் தேவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக எழுதினேன். அதற்குள் செக்‌ஷன்காரர்களும் பயத்தில் தங்கள் பங்குக்கு அதிகம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணின் மேல்தான் நான் இரண்டு மடங்கு போட்டேன் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. சரக்கு வந்து குவிந்தது. ரப்பர் என்பது இரும்பு அல்ல; அதற்கு ஆயுள் தேதி உண்டு. அலமாரியில் கிடந்தபடியே தேதி கடந்துபோய் ஒரு பெரும் பகுதியைக் கழிவுக்கு எழுத வேண்டியதாயிற்று. இந்தத் தடவை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது எனக்கு.

தட்டுப்பாடு என்கிற பயமே ஒரு பொய்த் தேவையை உண்டாக்கும். கடைசி ஆள் பத்து என்றால் நடுவில் இருப்பவர் பதினைந்து என்பார், மேலே இருப்பவர் முப்பது என்பார். இதற்கு நிர்வாகப் படிப்பில் பெரிய பெயர் உண்டு. ஆனால் நம் வட இந்தியத் தமிழர்களுக்குப் பெயர் சொல்லியா புரிய வேண்டும்? 2016 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? பழைய ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மூன்றாம் நாள் இரவு, டில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் உப்புக்குத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி கிளம்பியது. உலகத்திலேயே அதிகம் உப்பு விளைகிற நாடுகளில் ஒன்று நம் நாடு. குஜராத்தில் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஆனாலும் அன்றிரவு ஜனங்கள் கடை கடையாக ஓடி, சில இடங்களில் ஒரு கிலோ 200 ரூபாய்க்குக்கூட வாங்கினார்கள். உப்பளத்தில் ஒரு குறையும் இல்லை. குறை வந்தது செய்தியில். உப்புத் தட்டுப்பாடு என்ற பொய்யை நம்பி எல்லோரும் வாங்கியதால், அலமாரி காலியாகி அந்தப் பொய் சில மணி நேரம் மெய்யாயிற்று.

உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் நான் கண்ட முக்கியமான வித்தியாசம் இதுதான். உற்பத்தியில் கெட்டுப்போவது பெரும்பாலும் பொருள். விநியோகத்தில் முதலில் கெட்டுப்போவது தகவல்.

இரண்டு பெரிய பாடங்கள்

இதெல்லாம் ஒரு பணிமனையின் சின்னக் கதை என்று நினைக்க வேண்டாம். நான் ஓய்வு பெற்ற பிறகு நாடே பார்த்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது நம் நாகபுரியில் நாம் கண்ணால் பார்த்தது. 2021 ஏப்ரல். கொரோனா இரண்டாம் அலை. எந்த வீட்டுக்குப் போன் செய்தாலும் 'ஒரு சிலிண்டர் கிடைக்குமா' என்ற குரல். நாட்டில் ஆக்சிஜனே இல்லையா? இருந்தது. உற்பத்தியையும் கூட்ட வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் பெரிய முடிச்சு வேறு இடத்தில் இருந்தது. ஆக்சிஜன் பெருமளவில் கிடைத்தது கிழக்கே, உருக்காலைகள் இருக்கும் ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா, துர்காபூர், விசாகப்பட்டினம் பக்கம். மூச்சுத் திணறியது டில்லியிலும் மும்பையிலும் நாகபுரியிலும். திரவ ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரிக் குளிரில் வைத்தால்தான் திரவமாக நிற்கும். சாதாரண லாரியில் ஊற்றிக்கொண்டு வர முடியாது. அதற்கென்றே செய்த டாங்கர்கள் வேண்டும். அவை நாட்டில் கொஞ்சம்தான் இருந்தன.

அப்போது ரயில்வே என்ன செய்தது? காலி டாங்கர்களை லாரியோடு தட்டை வேகன்களில் ஏற்றி, ஏப்ரல் 19-ம் தேதி மும்பையை அடுத்த களம்போலியிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு அனுப்பியது. இதில் எவ்வளவு கணக்கு என்று பாருங்கள். வேகன் மேல் லாரி ஏறினால் உயரம் கூடிவிடும். சுரங்கம், மேம்பாலம், மேலே மின்கம்பி எல்லாம் இடிக்காமல் போக வேண்டும். அதற்காகவே 3,320 மில்லிமீட்டர் உயரமுள்ள டாங்கர் வகையைப் பொறுக்கினார்கள். மலைப்பாதையைத் தவிர்க்க வசாய், சூரத், புசாவல், நாகபுரி என்று சுற்றி அனுப்பினார்கள். உள்ளே திரவம் அலைமோதும் என்பதால், நிரம்பிய வண்டியை நினைத்த வேகத்தில் ஓட்டவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது. ஏழு டாங்கர்களில் நிரப்பிக்கொண்டு கிளம்பிய அந்த முதல் வண்டி 23-ம் தேதி இரவு நாகபுரி வந்தது. மூன்று டாங்கர்கள் இங்கே இறங்கின. நான்கு நாசிக் போயின.

இன்னொன்றையும் கவனியுங்கள். விமானப் படை பெரிய விமானங்களில் டாங்கர்களை ஏற்றிப் பறந்ததே, அவை காலி டாங்கர்கள். நிரம்பியதை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. காலியானது சீக்கிரம் திரும்பிப் போனால்தான் அடுத்த நடை சீக்கிரம் வரும். பட்டறைக்காரனுக்குத் தோன்றாத யோசனை இது. அவன் எப்போதும் நிரம்பியதைப் பற்றியே யோசிப்பான். சேர்க்கிறவன் காலியானதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அடுத்த மாதம் துர்காபூரிலிருந்து சென்னை தண்டையார்பேட்டைக்கும் இதேபோல ஆக்சிஜன் ரயில் போயிற்று. அந்தச் சில மாதங்களில் ரயில்வே நாடு முழுவதும் சுமந்து சென்றது 35 ஆயிரம் டன்னுக்கு மேல்.

இரண்டாவது சம்பவம் நம் பெரம்பூரில். 1955 முதல் பெட்டி கட்டிவரும் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை நமக்கெல்லாம் பெருமை. 'வந்தே பாரத்' வண்டி அங்கே உருவானதுதான். 2022-ல் அதன் புதிய வகையை அங்கே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். வடிவமைப்பு நம்முடையது, தொழிலாளர் நம்மவர். சக்கரம் மட்டும் உக்ரைனிலிருந்து வர வேண்டும். 36 ஆயிரம் சக்கரங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். பிப்ரவரியில் அங்கே யுத்தம் மூண்டது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. கடைசியில் 128 சக்கரங்களைச் சாலை வழியாக அண்டை நாடான ருமேனியாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஏற்றிவர ஏற்பாடு செய்தார்கள். ரயில் சக்கரத்தை விமானத்தில் கொண்டு வருவதைப் போல ஒரு செலவு உண்டா? ஆனாலும் வேறு வழியில்லை. மற்ற இடங்களிலும் சக்கரம் தேடினார்கள். அந்த ஆகஸ்டில் புது ரயில் பெரம்பூரிலிருந்து வெளியே வந்தது. அதன் முகப்பைப் படம் எடுத்தவர்கள் ஆயிரம் பேர். சக்கரம் வந்து சேர்ந்த வழியை நினைத்தவர்கள் எத்தனை பேர்?

மறுபக்கமும் உண்டு

'அப்படியானால் உற்பத்தி என்பது சுலபமா?' என்று என் பழைய சகாக்கள் சண்டைக்கு வருவார்கள். சுலபம் என்று நான் சொல்லவில்லை. செய்கிறவர் இல்லாவிட்டால் சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது? வெல்டிங் புகையில் நின்று நுரையீரல் கெட்டவர்களை எனக்குத் தெரியும். கிரேனுக்குக் கீழே வேலை செய்வதில் உள்ள ஆபத்து ஸ்டோர்ஸ் மேஜையில் இல்லை. கைத்திறன் வர வருஷக் கணக்காகும். ஆனால் அந்தக் கஷ்டத்தை நாம் பார்க்கிறோம், மதிக்கிறோம். மற்றக் கஷ்டத்தைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் குறை.

இன்னொரு சாராரும் உண்டு. 'கையிருப்பு வைப்பதே வீண். வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு வந்தால் போதும்' என்பார்கள். ஜப்பானில் டொயோட்டா இந்த முறையால் பெயர் பெற்றது. அதைப் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் எங்கள் அலமாரிகளைப் பார்த்து முகம் சுளித்தது உண்டு. 2003-ல் சூடுபட்டவன் என்ற முறையில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிக இருப்பும் நோய்தான். ஆனால் அங்கே உதிரிபாகம் செய்கிறவர்கள் பலர் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். நமக்கோ வளையம் ஒரு மூலை, பணிமனை ஒரு மூலை, நடுவில் மழையும் மறியலும். அந்த டொயோட்டாவே 2011-ல் ஜப்பானில் நேர்ந்த பெரும் பூகம்பத்துக்குப் பிறகு, எளிதில் கிடைக்காத எலெக்ட்ரானிக் சில்லுகளை மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி தனக்குச் சப்ளை செய்பவர்களைக் கேட்டுக்கொண்டது. 2021-ல் உலகமே சில்லு இல்லாமல் திண்டாடியபோது, அதன் முதல் சில மாதங்களைச் சமாளிக்க அந்த இருப்பு அதற்குக் கைகொடுத்தது. ஆக, எதை இருப்பு வைப்பது, எதை வைக்காமலிருப்பது என்று பிரித்தறிவதுதான் வேலை. அது சூத்திரத்தால் மட்டும் வராது. ஊரும் வழியும் மனிதரும் தெரிந்திருக்க வேண்டும்.

சகோதரிக்கும் அவர் மகனுக்கும்

இப்போது அந்தச் சகோதரிக்கு என் பதில். அம்மா, இந்த வேலையை நீங்கள் மட்டமாக நினைக்கிறீர்கள். ஆனால் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நீங்களே இதைத்தான் செய்து வருகிறீர்கள். கோடை விடுமுறை முடிந்து ஊரிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறும்போது புளி எத்தனை கிலோ, காபிப் பொடி எத்தனை, வடகம் எத்தனை என்று கணக்குப் போட்டீர்களே! காபிப் பொடி அதிகம் வாங்கினால் வாசனை போய்விடும், புளி குறைந்தால் அடுத்த மே வரை தாங்காது என்று தெரிந்து வைத்திருந்தீர்களே! நடுவில் யார் ஊருக்குப் போகிறார்கள், யார் வருகிறார்கள், யாரிடம் சொன்னால் மறக்காமல் வாங்கி வருவார் என்பதெல்லாம் உங்கள் விரல் நுனியில் இருந்ததே! பையனுக்கு இந்தப் புத்தி நீங்கள் ஊட்டிய சோற்றோடு வந்தது. அவனைத் தடுக்காதீர்கள்.

தம்பிக்கு மூன்று வார்த்தை. முதலாவது, கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் இருப்பை மட்டும் நம்பாதே. மாதத்தில் ஒரு நாளாவது குடோனுக்குப் போய்க் கையால் எண்ணிப் பார். மூட்டை எண்ணுவது கேவலம் இல்லை; எண்ணாமல் கையெழுத்துப் போடுவதுதான் கேவலம். இரண்டாவது, உனக்குச் சரக்கு அனுப்புகிறவரின் பட்டறையையும், அதை ஓட்டி வருகிறவரின் பாதையையும் ஒரு முறை நேரில் பார்த்துவிடு. பார்த்த மனிதரிடம் பேசுவது வேறு, பார்க்காதவரிடம் அதட்டுவது வேறு. மூன்றாவதுதான் முக்கியம். கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல். 'வராது' என்று பத்து நாள் முன்னால் சொல்கிறவனைத் திட்டுவார்கள். ஆனால் 'வரும், வரும்' என்று சொல்லிக் கடைசி நாளில் கையை விரிக்கிறவனைவிட அவன் ஆயிரம் மடங்கு மேல். அவன் சொன்னால் பட்டறைக்காரன் வேறு வேலையையாவது பார்ப்பான்.

அதோடு, அண்ணாச்சி மாதிரி ஒரு நாள் வரும். எல்லோரும் கொடு கொடு என்று கத்துவார்கள், நீ மட்டும் 'சோதனை முடிவு வரட்டும்' என்று நிற்க வேண்டியிருக்கும். அன்றைக்கு உன் பக்கம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். நில்.

2001-ல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது அண்ணாச்சியின் வீட்டைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "நீ கத்துனது எனக்கு ஞாபகமே இல்ல தம்பி. ஒரு நாளைக்கு எட்டுப் பேரு கத்துவான். யாரு யாருன்னு வச்சிக்கிட?" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஒரு மனிதர் தினம் எட்டுப் பேரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே முப்பது வருஷம் வண்டிகளைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த எட்டுப் பேரில் நானும் ஒருவன்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் நாம் பொங்கல் வைத்தவர்களைப் பாராட்டுகிறோம், ஆடியவர்களையும் பாடியவர்களையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். எல்லாம் சரி. ஆனால் கரும்புக் கட்டும் இலையோடு மஞ்சள் கொத்தும் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடந்து வாடாமல் இங்கே வந்து சேர, ஒவ்வொரு வருஷமும் இரண்டு அன்பர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே போன் செய்து, ஜனவரிக் குளிரில் விடியற்காலை ரயில் நிலையத்தில் காத்து நிற்கிறார்கள். ஒரு வருஷம் வண்டி ஐந்து மணி நேரம் தாமதம். கரும்பு இன்னும் வரவில்லையே என்று அவர்களிடம் கத்தியவர்கள் நம்மில் உண்டு. வருகிற பொங்கலுக்கு அந்த இருவரையும் மேடைக்கு அழைப்போம். போர்த்துகிற பொன்னாடையை நான் வாங்கி வருகிறேன்.